கிண்டியா, கம்ப்யூட்டரா?

எங்கள் ஆபீஸ் கேஷியர் ஜூலை மாதத்தில் ஒரு நாள் லஞ்ச் டயத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஒரு நூறு பக்க நோட்டைத் திறந்தார். மனிதர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. விஷயம் பெரிசுதான் என்று புரிந்தது.

"ஸார், பையனுக்கு கட்-ஆஃப் நூத்தித் தொண்ணூத்தி மூணு."

"சபாஷ்! ஸ்வீட் எங்கே?"

"அதெல்லாம் அப்புறம். ஒரு டவுட். கம்ப்யூட்டர் சயின்ஸை முதல்ல எழுதி அது கிடைக்காமப் போனா, கீழே எழுதின நல்ல சீட்டும் கைவிட்டுப் போயிடுமாமே? எதிர் வீட்டுக்காரர் சொல்றார். நிஜமா?"

எதிர் வீட்டுக்காரர் யார், என்ன படித்தவர் என்று நான் கேட்கவில்லை. கவுன்சிலிங் சீஸனில் எல்லா எதிர் வீட்டுக்காரர்களும் கல்வியாளர்கள்தான்.

தெரியாதவர்களுக்காக கட்-ஆஃப் கணக்கு. ப்ளஸ் டூ கணக்கு மார்க் நூறுக்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. ஆக மொத்தம் 200. கேஷியர் மகன் கணக்கில் 97, இயற்பியலில் 95, வேதியியலில் 97. அதாவது 97-உம் 47.5-உம் 48.5-உம் சேர்ந்து 193. இந்த எண்ணை வைத்துத்தான் ராங்க். ஒரே மார்க்கில் பல பேர் நின்றால் கணக்கு மார்க், இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரைக்கும் போய், அதிலும் தீரவில்லையென்றால் ரேண்டம் எண். அதாவது குலுக்கல். பன்னிரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்துவிட்டுக் கடைசியில் சீட்டுக் குலுக்கல்!

எதிர் வீட்டுக்காரர் சொன்னது சரியா, தப்பா?

ஹோட்டலுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்யூவில் நிற்கிறீர்கள். உங்கள் முறை வந்ததும் சர்வர் கேட்கிறார், "என்ன வேணும்?" நீங்கள் "நெய் ரோஸ்ட்" என்கிறீர்கள். "தீர்ந்து போச்சு." "பொடி தோசை?" "அதுவும் இல்லே." "இட்லி?" "இருக்கு, உட்காருங்க." நீங்கள் நெய் ரோஸ்ட் கேட்ட குற்றத்துக்காக உங்கள் இட்லியை எடுத்துப் பின்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். உங்கள் லிஸ்டைக் கடைசி வரை கேட்டு முடித்த பிறகுதான் பின்னால் இருப்பவரிடம் போவார்கள்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை இந்த ஹோட்டல்தான். க்யூ என்பது ராங்க். 2018-லிருந்து எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டதால் சர்வர் ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் ராங்க் வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். 31 சதவீதப் பொது இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் 69 சதவீத ஒதுக்கீட்டில் உங்கள் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உங்களுக்கு. இல்லையென்றால் அடுத்த வரி. எட்டாத கம்ப்யூட்டர் சயின்ஸை முதலில் எழுதியதால் உங்களுக்கு ஏற்படும் ஒரே நஷ்டம், அதை டைப் அடித்த நேரம்.

"அப்ப எதிர் வீட்டுக்காரர் கப்ஸா விடறாரா?"

முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு முறை இருந்தது. எந்தப் பள்ளியானாலும், அதை முதல் சாய்ஸாக எழுதிய பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம். மிச்சம் இருந்தால் இரண்டாவதாக எழுதியவர்களுக்கு. கூட்டம் அலைமோதும் பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர்கள் ஆசைப்பட்டதை விட்டுவிட்டு, கிடைக்கிறதை முதலில் எழுதினார்கள். விவரம் தெரியாதவர்கள் ஏமாந்தார்கள். பொருளாதார நிபுணர்கள் எடுத்துச் சொல்லி 2005-ல் அந்த முறையை மாற்றினார்கள். ஆக, எதிர் வீட்டுக்காரர் 2005-க்கு முன்னால் பாஸ்டனில் இருந்திருந்தால் அவர் சொன்னது சரி.

அந்த நிபுணர்களில் ஒருவர் ஆல்வின் ராத். 2012-ல் லாயிட் ஷாப்லியோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். ஷாப்லியும் டேவிட் கேல் என்பவரும் 1962-லேயே எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு என்ன தெரியுமா? காலேஜ் அட்மிஷனும் கல்யாணங்களின் உறுதியும்! ஆளுக்கொரு விருப்பப் பட்டியல் கொடுத்தால், பின்னால் யாரும் யாரோடும் ஓடிப் போகாத மாதிரி ஜோடி சேர்ப்பது எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் ஊர்த் தரகர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கேஷியருக்கு நிம்மதி. டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். நோட்டை வாங்கிப் புரட்டினேன்.

அறுபது வரிகள். முத்து முத்தான கையெழுத்து. முதல் வரி கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ். அடுத்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் கோயமுத்தூர், மதுரை, திருச்சி, சேலம் என்று தமிழ்நாட்டு மேப்பையே ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். இருபதாவது வரிக்கு மேல் நான் கேள்விப்படாத கல்லூரிகள். 43-வது வரியில் மட்டும் வேறு கையெழுத்தில், பென்சிலில்: கிண்டி, ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ்.

"இது யார் எழுதினது?"

"பையன். ஏதோ ஆசைப்பட்டான். லிஸ்டுலதான் இருக்கே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இங்கேதான் கோளாறு. எட்டாததை மேலே எழுதினால் ஆபத்தில்லை. ஆனால் எட்டுகிறதை மேலே எழுதினால், அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் அத்தோடு காலி. 193 வைத்திருக்கிற பையனுக்குப் பத்தாவது பதினைந்தாவது வரியிலேயே எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடும். கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். 43-வது வரியை அது படிக்கவே படிக்காது. அந்த வரி லிஸ்டில் இருப்பதும் ஒன்றுதான், பீரோவில் இருப்பதும் ஒன்றுதான்.

'சரி, எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் மேலே காலியானால் கொடுங்கள்' என்று சொல்ல வசதி உண்டு. கவனியுங்கள், மேலே. கீழே எழுதியதைக் கேட்க எந்த வசதியும் கிடையாது.

இதைக் கேஷியரிடம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நானே அப்படி ஒரு லிஸ்டின் விளைவு.

1997. ஒற்றைச் சாளர முறை வந்த முதல் வருஷம். அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது (2007-ல் போனது), கட்-ஆஃப் 300-க்கு. அப்பாவும் நானும் ராத்திரி பஸ் பிடித்து வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தடியில் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள். திரையில் காலி இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. ஆன்லைன் தலைமுறைக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியாது. நாலைந்து நிமிஷத்தில் வாழ்க்கையை முடிவு பண்ண வேண்டும். பழைய அரசுக் கல்லூரி ஒன்றில் சிவில் இருந்தது. ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்" என்றேன்.

அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்தது. நாற்பது பேருக்கு நாலு. அதில் ஒன்றுக்கு மவுஸ் இல்லை. பாடம் எடுத்தவர் எங்களுக்கு மூன்று வருஷம் முன்னால் பாஸானவர். நல்ல மனிதர், எங்களோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டார். 2001-ல் வெளியே வந்தேன். அமெரிக்காவில் டாட் காம் பலூன் வெடித்து, வேலை உத்தரவு வாங்கியவர்களே வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷம். எங்கள் கல்லூரிப் பக்கம் எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு க்ளார்க் பரீட்சை எழுதினேன். க்யூவில் எனக்குப் பின்னால் நின்று அந்த சிவில் சீட்டை எடுத்த பையன் இன்று பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். அவனுக்கு ஜீப் இருக்கிறது. எனக்கு மின்சார ரயில் பாஸ் இருக்கிறது.

உடனே சிவில்தான் உசத்தி என்று கிளம்பிவிடாதீர்கள். சிவில் படித்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனியில் லாப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்களை நம் தெருவிலேயே எண்ணலாம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் நல்ல கல்லூரி என்றால் எந்தப் பிரிவானாலும் அள்ளிக்கொண்டு போகின்றன. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு பொதுப்பணித் துறை சிவில் இன்ஜினீயர் பரீட்சை எழுத முடியாது.

இதில் தமாஷ் என்னவென்றால் படிப்பு நாலு வருஷம், ஃபேஷனின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1997-ல் கம்ப்யூட்டர் உச்சம், 2001-ல் பாதாளம். மறுபடி ஏறி, 2008-ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்ததும் மறுபடி சறுக்கல். அதற்கப்புறம் சில வருஷம் மெக்கானிக்கலுக்கு அடிதடி நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? இப்போது திரும்பக் கம்ப்யூட்டர், கூடவே செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று தங்கை, தம்பிகள். ஜூலையில் விலை ஏறியிருக்கும் தக்காளியை வாங்கி, நாலு வருஷம் கழித்து விற்கப் போகிறோம். அன்றைக்கு என்ன விலையோ, யார் கண்டது?

இன்னொன்று. 2024-ல் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எடுத்துவிட்டது. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கடையைப் பெரிசாக்கலாம். அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைப்பது கஷ்டமே இல்லை. நல்ல இடத்தில் கிடைப்பதுதான் கஷ்டம். போட்டி மிகுந்த பாடத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டால் சீட் போகாது ஸார், கல்லூரிதான் போகும். ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போய், கடைசியில் நாலு கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

இவ்வளவையும் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மேனேஜர் மூக்கை நுழைத்தார். "என் தங்கை பொண்ணு நியூஜெர்ஸியில இருக்கா. அங்கேயும் இப்படித்தானே? டாப்புல கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்லியிருக்கேன்."

எனக்குப் புரையேறியது. அங்கே அப்படியே தலைகீழ். அங்கே பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பத்திலேயே எந்தப் பாடம் என்று எழுத வேண்டும். எழுதியதும் உங்களை அந்தப் பாடத்தின் க்யூவில் நிற்க வைத்துவிடுவார்கள். ஹோட்டல் வாசலிலேயே, "நெய் ரோஸ்ட்டா? அந்த லைன்ல போங்க" என்கிற மாதிரி. அங்கே ரோஸ்ட் தீர்ந்தால் பல சமயம் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகம் என்று ஒன்று, அர்பானா-ஷாம்பெயினில். 1993-ல் இன்டர்நெட்டைப் படத்தோடு காட்டிய மொசைக் பிரவுசர் பிறந்த இடம். 2023 சேர்க்கையில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அங்கே இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகம், அதே வாசல், ஒரு வார்த்தைதான் வித்தியாசம். இரண்டாவது சாய்ஸ் எழுத இடம் விடுகிறார்கள்தான். ஆனால் அங்கேயும் அதையே முதலாவதாக எழுதியவர்கள் நிற்பார்களே. ஸியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் வெளி மாநிலத்தவருக்கு இன்னும் மோசம், நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

"அப்ப வேற ஏதாவது போட்டு உள்ளே நுழைஞ்சு, அப்புறம் மாத்திக்கிட்டா?" என்றார் மேனேஜர். ப்ரமோஷனை அப்படித்தான் வாங்கினார் என்று ஆபீஸில் பேச்சு உண்டு.

அந்தக் கொல்லைப்புறக் கதவை அவர்கள் எப்போதோ சாத்திவிட்டார்கள். வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தாவுவதை இந்த இரண்டு இடங்களிலுமே கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டியதுதான். அதற்குப் பதில் இல்லினாயில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் ப்ளஸ் வானியல், ப்ளஸ் மொழியியல், ப்ளஸ் இசை! வானத்தைப் பார்க்கிற ஆசை நிஜமாகவே இருக்கிற பெண்ணுக்கு அது நல்ல வழி. இல்லாத பெண் எழுதினால் கட்டுரையிலேயே மாட்டிக்கொள்வாள்.

ஆனால் எல்லா இடமும் இப்படி இல்லை. மாஸசூஸெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டையில் இருப்பது நம்முடையது) பாடம் பார்த்துச் சேர்ப்பதே கிடையாது. முதல் வருஷம் முடிகிறபோது எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பெரிசாக எழுதினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. உள்ளே போவதுதான் கஷ்டம். ஆகவே நியூஜெர்ஸிப் பெண் முதலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள் ஆளைச் சேர்க்கிறீர்களா, பாடத்துக்குச் சேர்க்கிறீர்களா?" மேனேஜர் வேகமாக வெளியே போய் செல்போனில் பேசினார். அவர் ஐ.எஸ்.டி.க்குப் பயப்படாமல் பேசி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். வாட்ஸ்அப் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கேஷியர் வீட்டுக்குப் போனேன். பையன் வாசலுக்கே வந்தான். மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அப்பா காப்பிக்கு உள்ளே போன சமயத்தில் கேட்டேன், "ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ்னா என்னப்பா?"

பிடித்துக்கொண்டான். சாட்டிலைட் படம், மேப், எந்த ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முழுகும், இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற படிப்பு. செல்போன் மேப்பில் எங்கள் ஏரியாவின் இரண்டு தெருக்களுக்குப் பெயர் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பியிருக்கிறானாம். "கிண்டி காலேஜே முதல்ல சர்வே ஸ்கூலாத்தான் ஆரம்பிச்சாங்க அங்கிள், 1794-ல. நம்ம பரங்கிமலையிலேர்ந்துதான் 1802-ல இந்தியாவையே அளக்க ஆரம்பிச்சாங்க." கண் பளபளத்தது. உடனே குரல் இறங்கியது. "அப்பா 43-ல போட்டிருக்காரு. ரிஜிஸ்டர் பண்ணின செல் நம்பர் அவரோடது. நான் தனியா எதுவும் மாத்த முடியாது."

கேஷியர் காப்பியோடு வந்தார். நான் நெய் ரோஸ்ட் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நாலு கம்ப்யூட்டர் கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஜியோ, மைனிங், பிரிண்டிங்னெல்லாம் சொன்னா நாளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க ஸார்" என்றார். பையனுக்குப் பதினேழு வயது!

அப்புறம் பேரம் ஆரம்பித்தது. காய்கறிக் கடையில்கூட அப்படி ஒரு பேரம் நான் பார்த்ததில்லை. அப்பா இருபதிலிருந்து ஆரம்பித்தார். பையன் இரண்டில் நின்றான். அம்மா சமையலறையிலிருந்தே பத்து என்றார். கடைசியில் முதல் ஆறு வரி அப்பாவுக்கு, அத்தனையும் பெரிய கல்லூரிக் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. ஏழாவது வரி பையனுக்கு. எட்டிலிருந்து இருவரும் கலந்து பேசி, அங்கே இரண்டு பேருமே போய்ப் பார்த்திராத எந்தக் கல்லூரியும் வேண்டாம் என்று முடிவு.

செருப்பு மாட்டும்போது பையன் என் கூடவே வாசல் வரை வந்தான்.

"ஆறு விட்டுக் குடுத்துட்டியே, வருத்தமா?"

சிரித்தான். "போன ரெண்டு வருஷக் கட்-ஆஃப் எல்லாம் பார்த்துட்டேன் அங்கிள். அந்த ஆறும் 193-க்கு எட்டாது."

போன வாரம் கேஷியர் ஆபீஸில் மைசூர்பாகு கொடுத்தார். பியூன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "எந்த க்ரூப் ஸார்?" என்று கேட்டான்.

"கிண்டி" என்றார் கேஷியர், ஒரு முழ உயரம் கூடி. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஜியோ... என்னமோ. கம்ப்யூட்டர் மாதிரிதான்."